நெயில் கன் ஆணி: சின்ன ஓட்டைதானே என்று விடலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். ஒரகடம் பக்கத்தில் ஒரு பேலட் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு மரப்பெட்டியும் பேலட்டும் (சரக்கை அடுக்கும் மரத் தட்டு) அடித்துக் கொடுக்கிறோம். மொத்தம் 16 பேர், பாதிக்கு மேல் பீகார், ஒடிசா பையன்கள். போன வாரம் ஒரு பையனுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நெயில் கன் (காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவி) ஆணி ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கட்டிங் பிளேயரால் பிடுங்கிவிட்டார். தண்ணீரில் கழுவி, கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக் கூட்டி வந்தார்கள். ரத்தம் இரண்டு சொட்டுதான். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். இப்போது நான்கு நாள் ஆகிறது. விரல் முழுக்க வீங்கியிருக்கிறது, மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போடுகிறான். "கவனமாக அடித்திருந்தால் ஏன் ஏறப்போகிறது?" என்கிறார் முதலாளி. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஆறு மாதத்தில் இவன் மூன்றாவது ஆள். கோளாறு கன்னிலா, ஆளிலா? செலவை யார் ஏற்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே முதலில் எழுதுகிறேன். அந்தப் பையனை அன்றைக்கே, அந்த ஷிப்ட் முடியும்வரைகூடக் காத்திருக்காமல், கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். மாத்திரை வேலை செய்கிறதா என்று இன்னும் ஒரு நாள் பார்க்கிற கட்டம் அது இல்லை.

ஏன் அவ்வளவு அவசரம்? விரலை மடக்குகிற நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது உண்மையில் தசைநாண். உள்ளங்கைப் பக்கம் அது ஒரு மெல்லிய உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த உறைக்குள் ரத்த ஓட்டம் குறைவு. ஆணி அதைத் துளைத்து எண்ணெயையும் மரத்தூளையும் கிருமியையும் உள்ளே விட்டால், சீழ் வெளியே வர வழியில்லாமல் உறை நெடுக ஓடும். அழுத்தம் ஏறும். தசைநாணுக்கு ஊட்டம் நின்று அது அழுகத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஓட்டை மூடி, பொருக்குத் தட்டி, ஆறிப்போன மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

சிகாகோவில் இருந்த ஆலன் கனவேல் என்ற அறுவை மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே இதற்கு அடையாளங்களைக் குறித்துவைத்தார். இன்றும் அவற்றைத்தான் பார்க்கிறோம். ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருக்கும். விரல் தானாகவே சற்று மடங்கிய நிலையில் நிற்கும். உள்ளங்கைப் பக்கம் விரலின் நீளத்துக்கும் அழுத்தினால் வலிக்கும். நாம் நுனியைப் பிடித்து மெல்ல நீட்டினால் உயிர் போகிற மாதிரி கத்துவார்கள். பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கடைசி அடையாளம்தான். நீங்கள் எழுதியதில் வீக்கமும் நீட்ட முடியாமையும் இருந்தன, எனக்கு அது போதும். இந்த நிலையில் உறையைத் திறந்து கழுவி விட வேண்டியிருக்கும், ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். சீக்கிரம் கழுவினால் விரல் பழையபடி மடங்க நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் விறைத்துப்போன விரல் மிஞ்சும். இன்னும் தள்ளினால் விரலையே எடுக்க நேரிடும். சுண்டு விரலும் கட்டைவிரலும் இன்னும் மோசம், அவற்றின் உறை பெரும்பாலும் மணிக்கட்டு வரை போகிறது.

டி.டி. ஊசி பற்றி ஒரு வார்த்தை. அது ரணஜன்னிக்கு மட்டும்தான். அழுக்குக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும், சரிதான். ஆனால் சீழ் பிடிப்பதை அந்த ஊசி தடுக்காது. நம் ஊரில் இரும்பு குத்தினால் டி.டி. போட்டாச்சு, கதை முடிந்தது என்று நினைக்கிறோம். கிளினிக்கில் இருப்பவர்களும் சில நேரம் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்து அந்த கட்டிங் பிளேயர். யார் மீதும் குறை சொல்லவில்லை, பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் உங்கள் யூனிட்டில் ஓடும் காயில் (சுருள்) ஆணி ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பேலட் ஆணியின் உடம்பு பெரும்பாலும் வழவழப்பாக இருக்காது. திருகு போலவோ வளையம் வளையமாகவோ வெட்டியிருக்கும், மரத்தை விட்டு வராமல் இருப்பதற்காக. அப்புறம், காயிலில் ஆணிகளைச் சேர்த்து வைத்திருப்பது இரண்டு மெல்லிய கம்பிகள். கன் சுடும்போது அந்தக் கம்பி அறுந்து, ஆணியின் உடம்பில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போகும்போது அவை மடங்கிப் போய்விடும். பின்னால் இழுத்தால் தூண்டில் முள் மாதிரி மாட்டி, வழியில் இருக்கும் நரம்பையும் தசைநாணையும் கிழித்துக்கொண்டு வரும். சில நேரம் அந்தக் கம்பித் துண்டு உள்ளேயே தங்கிவிடும். ஆணியின் மேல் பூசியிருக்கும் பிசின், கன்னில் விடும் எண்ணெய், கையுறை போட்டிருந்தால் அதன் நூல் என்று எல்லாமே கூடப் போகும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். கம்பித் துண்டும் எலும்பில் பட்ட அடியும் எக்ஸ்ரேயில் தெரியும். மரச் சிராய் தெரியாது, அதைத் திறந்து கழுவும்போதுதான் தேட முடியும்.

ஆகவே அடுத்த முறை (வராமல் இருக்கட்டும்) ஆணி கையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கை மரத்தோடு சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஆணியை இழுக்காதீர்கள். கையைச் சுற்றி மரத்தை அறுத்துத் துண்டாக்குங்கள், அல்லது மரத்துக்கும் கைக்கும் நடுவே போல்ட் கட்டரால் ஆணியை வெட்டுங்கள். துண்டோடு ஆஸ்பத்திரிக்கு வரட்டும். அதே காயிலிலிருந்து ஒரு ஆணியைச் சட்டைப்பையில் போட்டு அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவி. உள்ளே இருப்பது எந்த மாதிரி உடம்பு, எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். மோதிரம், கையில் கட்டிய கயிறு, காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. போகும் வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

ஆணி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, விரலில் ஓட்டை மட்டும்தான் என்றால், அங்கேயே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விரலின் நடு மூட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரண்டு பக்கமும் பஞ்சால் தொட்டு, எந்தப் பக்கம் தொடுகிறீர்கள் என்று கேளுங்கள். நுனி மடங்கவில்லை, ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை, அல்லது ஓட்டை மூட்டுக்கு நேராக இருக்கிறது என்றால் கிளினிக்கைத் தாண்டிப் போக வேண்டிய கேஸ். எல்லாம் சரியாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள், அடுத்த மூன்று நான்கு நாள் விரலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் பகுதியில் இருப்பவர்களுக்குச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது, நாடறிந்த துறை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பிளாஸ்டிக் சர்ஜனோ எலும்பு மருத்துவரோ இருக்கும் மருத்துவமனை. கண், கழுத்து, நெஞ்சு, தலை என்றால் யோசிக்கவே வேண்டாம், 108. கண்ணில் என்றால் எதையும் அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்துக் கட்டி அனுப்புங்கள். தலை விஷயத்தில் ஒரு உண்மைச் சம்பவம்: 2012ல் சிகாகோ அருகே ஒருவர் நெயில் கன் தலையில் இடித்ததாக மட்டும் நினைத்து, மீதி வேலையையும் பார்த்திருக்கிறார். மறுநாள் வாந்தி வந்து மருத்துவமனைக்குப் போனபோது எக்ஸ்ரேயில் 3 அங்குலத்துக்கு மேல் நீளமான ஆணி மூளைக்குள் இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். "லேசாப் பட்டுச்சு சார்" என்று யாராவது சொன்னால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கன்னிலா, ஆளிலா?

ஆறு மாதத்தில் ஒரே வேலையில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி அடி பட்டால், மூன்று பேரும் கவனமில்லாதவர்கள் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கவனம் என்பது காலை ஒன்பது மணிக்கு இருக்கும், பேலட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் அடிப்பவனுக்கு மாலை ஐந்து மணிக்கு இருக்காது. மனித உடம்பு அப்படி. அதனால் டிரிகரைப் பார்ப்போம்.

நெயில் கன் சுடுவதற்கு இரண்டு விஷயம் நடக்க வேண்டும். மூக்கு (ஆணி வெளியே வரும் முனை) மரத்தில் அழுந்த வேண்டும், டிரிகர் அழுந்த வேண்டும். பேலட் யூனிட்டுகளில் பெரும்பாலும் இருக்கும் கன்னில் எது முதலில் என்ற வரிசை கிடையாது. டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மூக்கைத் தட்டித் தட்டிப் போனால், தட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆணி போகும். வேகம் அதில்தான். ஆபத்தும் அதில்தான், ஏனென்றால் மூக்கு மரத்தில் தட்டினாலும் சரி, முழங்காலில் தட்டினாலும் சரி, கன்னுக்கு வித்தியாசம் தெரியாது. அது மட்டுமில்லை. சுட்டவுடன் கன் பின்னால் உதைக்கும். கை தன்னையறியாமல் மறுபடி முன்னால் தள்ளும். மூக்கு இரண்டாவது தடவை படும்போது, யாரும் கேட்காத இரண்டாவது ஆணி கிளம்பும். முதல் ஆணியின் தலையில் பட்டு அது எந்தப் பக்கமும் திரும்பலாம். பக்கத்தில் பலகையைப் பிடித்திருப்பது இடது கை. உங்கள் பையனுக்கு அடிபட்டதும் இடது ஆள்காட்டி விரல்தான், கவனித்தீர்களா?

இன்னொரு வகை டிரிகர் இருக்கிறது. சீக்வென்ஷியல் டிரிகர் என்று கேட்டால் டீலருக்குத் தெரியும். மூக்கை முதலில் அழுத்தி, பிறகு டிரிகரை இழுத்தால்தான் சுடும். அதிலும் முழு சீக்வென்ஷியல் என்ற வகையில், ஒவ்வொரு ஆணிக்கும் மூக்கு, டிரிகர் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிரிகரைப் பிடித்தபடி நடந்து போகும்போது மூக்கு யார் முதுகில் பட்டாலும் சுடாது.

இது வெறும் கணிப்பு இல்லை. அமெரிக்காவில் வீடுகள் மரத்தில் கட்டப்படுவதால் அங்கே இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். 2011ல் அந்த நாட்டின் நையோஷ், ஓஷா என்ற இரண்டு அரசு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேட்டைப் பார்த்தால், வீடு கட்டும் தச்சு வேலை பழகுகிறவர்களில் 5 பேருக்கு 2 பேர் நான்கு ஆண்டுக்குள் ஒரு தடவையாவது இதில் அடிபட்டிருக்கிறார்கள். அடிபடுவதில் பாதிக்கு மேல் கையும் விரலும். அந்தக் கைக் காயங்களில் நாலில் ஒன்றில் தசைநாண், மூட்டு, நரம்பு, எலும்பு ஏதாவது ஒன்று சேதமாகியிருக்கிறது. தட்டித் தட்டி அடிக்கும் டிரிகரில் ஆபத்து, சீக்வென்ஷியலைப் போல இரண்டு மடங்கு. உங்கள் முதலாளி "கவனம்" என்று சொன்னால் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். அதே மாதிரி ஆட்கள்தான், டிரிகர் மட்டும்தான் வேறு.

"உற்பத்தி படுத்துவிடுமே" என்பார். அதையும் அங்கே அளந்து பார்த்தார்கள். ஆணி அடிக்கும் நேரத்தில் பத்து சதவீதம் வித்தியாசம், மொத்தக் கட்டும் நேரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது மரக் கொட்டகை கட்டும் வேலை. பேலட் யூனிட்டில் நாள் முழுக்க ஆணி அடிப்பதுதான் வேலை, அதனால் உங்களுக்கு இழப்பு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எல்லாக் கன்னையும் ஒரே நாளில் மாற்ற அவர் சம்மதிக்க மாட்டார் என்றால், என் யோசனை இது. புதிதாக வந்தவர்கள், ரிப்பேர் பேலட் அடிப்பவர்கள், பெட்டியின் மூலையில் சாய்த்து அடிப்பவர்கள், இவர்கள் கையில் சீக்வென்ஷியல் மட்டும். சில கன்னில் டிரிகரை மட்டும் மாற்றினால் போதும், புதுக் கன் வாங்க வேண்டியதில்லை. மேஜையில் படுக்க வைத்து நேராக அடிக்கிற வேலைக்கு, டிரிகரைவிட ஜிக் முக்கியம். பலகையும் ரீப்பரும் தானாக உட்கார்ந்துகொள்ளும்படி மேஜையில் கட்டைகளும் கிளாம்ப்பும் அடித்துவிட்டால், இடது கைக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாத கை ஆணிக்கு ஒரு அடி தூரத்தில் நிற்கும். அந்த 12 அங்குலம்தான் அந்தக் கையேடு சொல்லும் தூரமும். ரிப்பேர் பேலட்டில் பழைய ஆணியும் மரக் கணுவும் ஒளிந்திருக்கும். புது ஆணி அதில் பட்டு வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும், அதனால் அங்கே கை இன்னும் தள்ளி இருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்த டிரிகர் என்று தெரியாவிட்டால், கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல், தரையில் ஒரு தடித்த கட்டையைப் போட்டு, முதலில் டிரிகரை இழுத்துப் பிடித்துவிட்டு மூக்கைக் கட்டையில் வையுங்கள். சுட்டால் தட்டும் வகை. அப்படியே மூக்கின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். அழுத்தி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். வேகத்துக்காக ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டோ, மூக்கைக் கம்பியால் கட்டியோ வைத்திருக்கும் கன் ஏதாவது இருந்தால், அதை அப்போதே பூட்டி வையுங்கள். அதில் டிரிகரைத் தொட்டாலே ஆணி காற்றில் பறக்கும்.

ஏர் ஹோஸ் மாட்டும் இடத்தையும் பாருங்கள். வால்வு உள்ள கப்ளர் ஹோஸ் பக்கமும், வெறும் நிப்பிள் கன் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றி மாட்டியிருந்தால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று தங்கியிருக்கும். ஆணி சிக்கியது என்று மூக்கில் விரலை விட்டு நோண்டும்போது அந்த ஒரு ஷாட் போதும். மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரவுண்டு போனால் எல்லாக் கன்னையும் பார்த்துவிடலாம். பீகார், ஒடிசா பையன்களுக்கு இதையெல்லாம் இந்தி தெரிந்தவர் ஒருவர் கன்னைக் கையில் வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். சுவரில் தமிழில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

செலவு விஷயம். 16 பேர் என்கிறீர்கள். 10 பேர் இருந்தாலே அந்த யூனிட் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வந்துவிடும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. வேலையில் பட்ட காயம் என்றால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வைத்தியம் இலவசம், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் நிரந்தரமாக விறைத்துப்போனால் மருத்துவ போர்டு மதிப்பிட்டு மாதாமாதம் ஒரு தொகை வரும். பீகார்க்காரன், ஒப்பந்த ஆள் என்பதெல்லாம் இதற்குத் தடையில்லை. இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. இந்த ஏற்பாடு 1923லிருந்தே நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. குடித்திருந்தான், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினான், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினான், முதலாளி சொல்லக்கூடிய காரணங்கள் இவ்வளவுதான். கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் இதில் எதைக் கேட்பதற்கும் விபத்து நடந்ததற்குப் பதிவு வேண்டும். உங்கள் யூனிட்டில் விபத்துப் பதிவேட்டில் அன்றைய தேதியில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள்: நேரம், எந்தக் கன், என்ன வேலை, யார் பார்த்தது. இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக் சீட்டைப் பையனிடமிருந்து வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் கேட்டால் "வேலை செய்யும் இடத்தில் நெயில் கன் அடித்தது" என்றே சொல்லச் சொல்லுங்கள். "ரூமில் விழுந்துவிட்டேன்" என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்புவதை நிறைய பார்க்கிறோம். அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

முன்னால் அடிபட்ட அந்த இரண்டு பேரையும் ஒருமுறை விரலை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். நுனி உள்ளங்கையைத் தொடவில்லை என்றால் அவர்களையும் அனுப்புங்கள். ஆறு மாதம் ஆனாலும் பிசியோதெரபியிலோ அறுவையிலோ ஓரளவு மீட்க முடிகிற விரல்கள் உண்டு.